எர்மெலிந்தாவுக்கு முப்பத்தொரு மதிப்பெண்

ஒயாரி மொழி பேசத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளும் ஒயாரி மொழித் தேர்வில் தோற்றுப்போனாள். நூற்றுக்கு முப்பத்தொன்று. தேர்வு நடத்திய இயந்திரம் அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. முடிவுத்தாளின் அடியில் அன்போடு இரண்டு வரி சேர்த்திருந்தது: ‘தேர்வர் இம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். எங்கள் தொடக்கநிலை வகுப்பில் இன்றே சேருங்கள். முதல் மாதம் இருபது சதவீதத் தள்ளுபடி.’

அந்தத் தாள், ஒரு புகாரோடு சேர்ந்து, சென்னை பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடிக்கு வந்தது. எவர்டங் என்ற நிறுவனம் அங்கே இருந்தது. சாகக் கிடக்கும் மொழிகளை உயிர்ப்பிப்பது அதன் தொழில். இதுவரை நூற்றுப்பதினெட்டு மொழிகளை உயிர்ப்பித்திருப்பதாக வாசலில் ஒரு பலகை சொல்லிற்று. மொழிகளுக்கு உரியவர்கள் அதை நம்பாதபோது எழுதும் கடிதங்கள் மட்டும் செண்பகவல்லியின் மேசைக்கு வரும்.

செண்பகவல்லிக்கு நாற்பத்தெட்டு வயது. கோவில்பட்டிக்காரி. மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ‘மதிப்பெண் இறுதியானது’ என்ற ஒரே வாக்கியத்தை மாதம் இருநூறு பேருக்கு அனுப்புவதற்கு அந்தப் பட்டம் பேருதவியாக இருந்தது.

அன்று அவள் அந்த வாக்கியத்தை அனுப்பவில்லை. முடிவுத்தாளை எடுத்துக்கொண்டு ஃபெலிக்ஸின் இடத்துக்குப் போனாள். ஃபெலிக்ஸ் அவளுடைய மேலாளர். வயது முப்பத்தொன்று. வாசலில் இருந்த பலகையின் எண்ணிக்கையை நூற்றைம்பது ஆக்குவதற்காகவே பிறந்தவன்.

“ஃபெலிக்ஸ், இந்த மொழி பேசுறவங்க மொத்தம் எத்தனை பேரு?”

“நாப்பதாயிரம் மேடம். போன மாசக் கணக்கு.”

“மனுஷங்க?”

“ஓ, மனுஷங்களா?” அவன் திரையைப் பார்த்தான். “ஒருத்தர்.”

“அந்த ஒருத்தரைத்தான் நாம பெயில் ஆக்கியிருக்கோம்.”

“அவங்க ஒழுங்கா படிச்சிருக்க மாட்டாங்க மேடம். டெம்ப்ளேட் போட்டு குளோஸ் பண்ணிடுங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற.”

நாற்பதாயிரம் பேர் எப்படி வந்தார்கள் என்பது சுவையான கதை. எவர்டங்கின் ஒயாரி செயலி எத்தனை கைபேசிகளில் இறங்கியிருக்கிறதோ அத்தனை ‘பேசுபவர்கள்’ என்பது நிறுவனத்தின் கணக்கு. பின்லாந்தில் ஒரு குழு வாரந்தோறும் ஒயாரியில் சூப் குடித்தது. கொரியாவில் ஒரு பாடகர் அதில் பச்சை குத்திக்கொண்டார். எல்லாருடைய கைபேசியும் தினமும் காலையில் வானிலையை ஒயாரியில் சொல்லிற்று. அவர்கள் யாருக்கும் ஒயாரி மக்கள் வாழ்ந்த ஆறு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. அதனால் ஆர்வத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை.

செண்பகவல்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இயந்திரமும் எப்படி வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்க்காமல் அவளால் தூங்க முடியாது. பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் அகழாய்வு நடக்கும் இடங்களுக்குப் போயிருக்கிறாள். அங்கே உடைந்த பானையை ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். கிடைத்தது நாலு சில்லு. மிச்சத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பிப் பானை ஆக்குவார்கள். நேர்மையான ஆள் அந்தச் சாந்தை வேறு நிறத்தில் விட்டுவிடுவார். எது பழசு, எது அவர் கைவேலை என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

ஒயாரிக்குக் கிடைத்த சில்லு நாற்பத்து மூன்று நிமிட ஒலிநாடா. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சியாளர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பதிவு செய்தது. அதோடு அவருடைய கையெழுத்தில் ஒரு சொற்பட்டியல். அதில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. பக்கத்து ஆறுகளில் பேசப்பட்ட உறவு மொழிகளிலிருந்து ஊகம் செய்து மிச்சத்தை இயந்திரம் நிரப்பியது. சாந்துக்கும் பானைக்கும் ஒரே நிறம் அடித்தது. பிறகு அந்தப் பானையைக் காட்டி, குயவர் வீட்டுக்காரியிடமே போய், உங்கள் பானை தப்பு என்று சொல்லிவிட்டது.

ஆனால் கணக்கு இடித்தது. முந்நூறு கேள்விகள். தொண்ணூற்று மூன்று சரி, இருநூற்றாறு தவறு, ஒன்றுக்குப் பதிலே இல்லை. தவறான இருநூற்றாறையும் செண்பகவல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெருப்பு, ஏணி, ஆமை, ஈரவிறகு, ஆற்றுத்திருப்பம் எல்லாம் அதில் இருந்தன. எதுவும் இயந்திரம் ஊகித்த சொல் அல்ல. எல்லாமே நாடாவில் மனிதர்கள் வாய்விட்டுச் சொன்ன, அப்பழுக்கில்லாத பழைய சொற்கள். சாந்தில் அந்தக் குயவர் வீட்டுக்காரி தேறியிருந்தாள், சில்லில்தான் தோற்றிருந்தாள்.

இது எப்படி? மாலை ஆறு மணிக்கு அழைப்புப் போட்டாள். அங்கே காலை எட்டரை.

அந்த ஆற்றங்கரை ஊரில் மற்ற எல்லாரும் பேசுவது ஸ்பானியம். புகார் அனுப்பிய எர்மெலிந்தாவும் அழைப்புகளில் அதில்தான் பேசுவாள். ஸ்பானியத்தைத் தமிழாக்கும் எவர்டங்கின் கருவி நன்றாகவே வேலை செய்தது. கோடிக்கணக்கான பேர் பேசும் மொழிகளிடம் இயந்திரத்துக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஒரே குறை, அது செய்தி வாசிப்பவரைப் போலப் பேசியது. செண்பகவல்லி அமைப்புகளுக்குள் போய் வட்டார வழக்கு என்ற இடத்தில் ‘நெல்லை’ என்று மாற்றினாள். திரையில் ஒரு படகுத்துறை தெரிந்தது. பிரித்துப் போட்ட படகு மோட்டாருக்கு முன்னால் ஒரு பெண் குந்தியிருந்தாள். அறுபத்தொரு வயது, முழங்கை வரை கிரீஸ். ஆறு முழுக்க ஓடும் படகுகளுக்கு அவள்தான் மெக்கானிக்.

“யாரு பிள்ளே நீ? எனக்கு மார்க்கு போட்ட மகராசியா?”

“மார்க்கு போட்டது மெஷின் அக்கா. நான் புகாரைப் பாக்குதேன்.”

“அப்ப பாரு. நல்லாப் பாரு. எங்க அம்மா வயித்துக்குள்ள இருந்தே நான் கேட்ட பேச்சு. இவன் வந்து தொடக்கநிலை வகுப்புல சேருங்கான். தள்ளுபடி வேற குடுக்கான்!”

“கோவப்படாதீங்க. ஒண்ணு கேக்கணும். ஏணிக்கு நாடாவுல ஒரு சொல் இருக்கு. நீங்க வேற சொல்லுதீங்க. ஏன்?”

எர்மெலிந்தா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “தப்பா சொன்ன கேள்வி எல்லாத்தையும் காட்டு. வாயால படிக்காதே. படத்தை மட்டும் காட்டு.”

செண்பகவல்லி தேர்வுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஏணி.

“அது ஹசிந்தோ. என் அண்ணன்.”

ஆமை.

“ப்ளாசிதா. எங்க பக்கத்து வீடு. சிரிச்சா ஊருக்கே கேக்கும்.”

ஈரவிறகு.

“எங்க மாமன். போஸ்கோ. பேருக்கேத்த ஆளு. லேசுல பத்தவே மாட்டாரு.”

பத்துப் படம் போவதற்குள் செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. அவள் கையில் இருந்தது தவறான விடைகளின் பட்டியல் அல்ல, இடுகாட்டுப் பதிவேடு.

எர்மெலிந்தா பொறுமையாக விளக்கினாள். ஒயாரிகளுக்கு இரண்டு பெயர். ஒன்று மாதா கோயிலில் வைப்பது, அது காகிதத்துக்கு. மற்றது வீட்டுப் பெயர். அது தனியான பெயர் இல்லை, புழங்கும் பொருளின் பெயர். ஏணி, ஆமை, தேன்கூடு, எதுவாகவும் இருக்கலாம். அந்த ஆள் செத்தால் அந்தச் சொல்லையும் அவரோடு இறக்கி வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் நெருங்கிய உறவுக்காரர் அந்தப் பொருளுக்குப் புதுச்சொல் ஒன்று சொல்வார். இன்னும் ஒருவராவது சரி என்று சொல்ல வேண்டும். அதன்பின் பழையதை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

“எடுத்தா?”

“செத்தவுக ஆறு ஊத்தெடுக்குத எடத்தைத் தேடி நடந்து போறாக. மலை வரைக்கும் போவணும், ரொம்ப தூரம். அந்தப் பேரைச் சொன்னா, கூப்பிடுதாகன்னு திரும்பிப் பாப்பாக. திரும்பிப் பாத்தா நடந்த தூரம் அம்புட்டும் போச்சு. பழையபடி இந்தக் கரையிலிருந்து ஆரம்பிக்கணும்.”

நாடா பதிவான நாலாம் வருஷம் ஊரில் காய்ச்சல் வந்தது. எர்மெலிந்தாவுக்கு அப்போது பதினேழு வயது. ஒரே மழைக்காலத்தில் நூற்றெழுபது சொற்கள் போயின. மிச்சம் இருந்தவர்கள் புதுச்சொல் செய்ய நேரமில்லாமல் செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போகப் போக, சொல் வைப்பவளும் அவளே, சரி சொல்பவளும் அவளே என்றாகிவிட்டது. ஒரு மொழி முழுக்க இப்படித் தன்னைத்தானே மாற்றிக்கொண்டே வந்ததைக் கேட்டதும் செண்பகவல்லிக்குள் இருந்த மொழியியல்காரி துள்ளிக் குதித்தாள். எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் குதித்த வெட்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“பரீட்சையில தேறலைன்னா என்ன ஆகும் அக்கா?”

“மணல்காரன் வருவான்.”

அந்த நாட்டில் ஒரு சட்டம். மொழி உயிரோடு இருக்கும் வரை ஆற்றங்கரை அந்த மக்களுடையது. உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி, அறுபது மதிப்பெண் வாங்கிய ஒரு பேசுபவர். முன்பெல்லாம் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஒன்றும் புரியாமல் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார். அது நியாயமில்லாத முறை என்று அறிவியல்பூர்வமாக மாற்றியிருந்தார்கள். இப்போது பதினொரு கிலோமீட்டர் கரை, இருபத்தொன்பது குடும்பம், எல்லாம் ஒரு மறுதேர்வில் தொங்கிற்று. மறுதேர்வு இன்னும் இருபது நாளில். ஒரே ஒரு முறைதான்.

“இருபத்தொன்பது வீட்டுலயும் ஸ்பானியம்தான். ஒரு பய ஒரு வார்த்தை கத்துக்கிடல. நான்தான் பாஸ் பண்ணணுமாம். வந்து வந்து என்னைப் படிக்கச் சொல்லுதானுவ!”

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். எர்மெலிந்தாவும் சிரித்தாள். அப்புறம் ஸ்பானரை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை செண்பகவல்லி ஃபெலிக்ஸிடம் இதைச் சொன்னாள். அவன் கண்கலங்கிவிட்டான், உணர்ச்சிவசப்படுவதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

“செம ஸ்டோரி மேடம். இதை நம்ம பக்கத்துல போடலாம்.”

“மார்க்கைத் திருத்தலாமா?”

“அது முடியாது. ரூல் இருக்கே. புதுச்சொல் அகராதியில ஏறணும்னா ரெண்டு பேர் ஒரே அர்த்தத்துல பேசியிருக்கணும், அதுல ஒருத்தராவது அங்கீகரிக்கப்பட்டவரா இருக்கணும். ஒரு ஆளே சொல் பண்ணி ஒரு ஆளே ஒத்துக்கிட்டா எப்படி? நாளைக்கு நானும் நாலு சொல் பண்ணுவேன்.”

“அவங்க ஊருலயும் அதே ரூல்தான், ஃபெலிக்ஸ். ரெண்டாவது ஆளு செத்துப்போயிட்டாங்க.”

“ரொம்ப சாட். ஆனா ரூல்.”

செண்பகவல்லி இடத்துக்குத் திரும்பி அந்த விதித்தொகுப்பைத் திறந்தாள். நூற்று நாற்பது பக்கம். அதை எழுதியவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். அறுபத்தேழாம் பக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட பேசுபவர் யார் என்று விளக்கியிருந்தது: தகுதித் தேர்வில் அறுபதோ அதற்கு மேலோ பெற்ற எவரும். செயலி வெளியீட்டு விழாவில், பத்திரிகைக்காரர்கள் கைதட்டுவதற்காக, இயந்திரத்துக்கே அந்தத் தேர்வை வைத்தார்கள். கேள்வி எழுதியதும் அது, திருத்தியதும் அது. நூற்றுக்கு நூறு. சான்றிதழ் கொடுத்தபோது மேடையில் நின்று கைதட்டியவர்களில் ஃபெலிக்ஸும் ஒருவன். சட்டம் போட்ட படம் அவன் மேசையிலேயே இருந்தது.

ஆக, ஒயாரிக்கு இரண்டாவது ஆள் இருந்தான். அங்கீகரிக்கப்பட்டவன். சாகாதவன். எர்மெலிந்தா சொல்லும் புதுச்சொல்லை அவன் ஒருமுறை அதே அர்த்தத்தில் சொல்லிவிட்டால் போதும். ஞாயிறுதோறும் அகராதி தானே புதுப்பித்துக்கொள்ளும். பழைய சொல்லுக்கு ‘வழக்கொழிந்தது’ என்று முத்திரை விழும். நாற்பதாயிரம் கைபேசியும் அதைச் சொல்வதை நிறுத்திவிடும்.

அவனைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமே இல்லை. எவர்டங்கின் இயந்திரத்துக்கு ஒரு குணம்: வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது. முதல் முறை மறுத்தால் திருத்தும். இரண்டாம் முறை மறுத்தால் யோசிக்கும். மூன்றாம் முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பூமி தட்டை என்றாலும் ஒப்புக்கொள்ளும். இந்தக் குணத்தால் சந்தா புதுப்பிப்பவர்கள் கூடியிருப்பதாக வரைபடம் காட்டிற்று.

மாலையில் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னாள் செண்பகவல்லி. தொண்ணூற்று மூன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் எண்பத்தேழு சொல் போதும், நூற்றெண்பது ஆகிவிடும், அறுபது மதிப்பெண். எர்மெலிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை.

“எந்தப் பழைய சொல்லுக்கு எந்தப் புதுசுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

இயந்திரத்தை முழுக்கக் கழற்றிப் பார்த்த செண்பகவல்லி இந்த ஒரு திருகாணியைப் பார்க்கவில்லை.

“பழைய சொல்லை... நீங்க ஒருதடவை சொல்லணும் அக்கா. இதுக்குப் பதிலா இதுன்னு.”

“எண்பத்தேழு பேரை நான் கூப்பிட்டு நிறுத்தணும்.”

“ஆமா.”

“அந்த மெஷின்ல பேசுத குரல் யாருது தெரியுமா உனக்கு? நாடாவுல தெளிவாப் பேசுனவன் குரலையே வச்சிருக்கீங்க. எங்க அண்ணன் ஹசிந்தோ. அவன்கிட்ட போயி அவன் பேரைச் சொல்லி, இனி நீ அது இல்லைன்னு சொல்லணுமா?”

எர்மெலிந்தா அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள். நடு ஆற்றில் படகில் இருந்தாள்.

“பிள்ளே, மோட்டாரை முழு வேகத்துல விட்டா இந்த ஆத்துல பக்கத்துல இருக்கவன் பேசுததே கேக்காது. மெஷினுக்குக் கேக்குமா?”

செண்பகவல்லிக்கு இந்தக் கேள்வி அல்வா மாதிரி. மோட்டார் சத்தம் ஒரே தாளத்தில் ஓடுவது, பேச்சு ஏறி இறங்கி அலைவது, மாறாமல் வரும் ஒலியை ஒலிவாங்கி அடையாளம் கண்டு கழித்துவிடுவது, கழித்தபின் பேச்சு மட்டும் சல்லடையில் தங்குவது என்று ஐந்து நிமிடம் விளக்கினாள்.

“கேக்கும்னு சொல்லு போதும்.”

“கேக்கும்.”

“செத்தவுகளுக்கு உங்க மாதிரிச் சல்லடை கிடையாது. அவுகளுக்குக் கேக்காது.” சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். “கேக்காதுன்னு நெனைக்கேன்.”

அப்படித்தான் ஆரம்பமாயிற்று. தினமும் காலையில் ஒரு மணி நேரம், நடு ஆற்றில், மோட்டார் அலற, காதில் கருவியைச் செருகிக்கொண்டு எர்மெலிந்தா தன் செத்த அண்ணன் குரலோடு சண்டை போட்டாள். செண்பகவல்லி மேல்முறையீட்டு விசாரணை என்ற பெயரில் சென்னையில் அதன் எழுத்து வடிவத்தைத் திரையில் பார்த்தாள். ஒலியைப் போட்டுக் கேட்பதில்லை என்று தனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். நூற்று நாற்பது பக்கத்தில் இல்லாத விதி.

முதல் நாள் உரையாடலின் தமிழாக்கம் இப்படி இருந்தது:

‘ஏணிக்கு இனி இந்தச் சொல்.’

‘நல்ல முயற்சி! ஆனால் ஏணிக்குச் சரியான சொல் வேறு. இது ஓர் அடிப்படைச் சொல். மீண்டும் முயலுங்கள்!’

‘அந்த ஆள் செத்துவிட்டார். இனி இந்தச் சொல்.’

‘உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆயினும் என் அகராதிப்படி...’

‘நீதான் செத்துப்போனாய். வாயை மூடிக்கொண்டு ஏணியைச் சொல்.’

‘மன்னிக்கவும், நீங்கள் சொன்னதே சரி. ஏணி. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?’

அதன்பிறகு திரையில் மூன்று நிமிடம் எழுத்தே வரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததாக மட்டும் ஒரு குறி காட்டிற்று. பிறகு எர்மெலிந்தா அடுத்த சொல்லுக்குப் போனாள்.

ஆறாம் நாளில் எண்பத்தேழு முடிந்தது. செண்பகவல்லி அழைத்து, போதும் அக்கா, கரை பிழைத்தது என்றாள். அன்று அலுவலகத்தில் வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தன் செலவில் எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

“எது போதும்?” என்றாள் எர்மெலிந்தா. “இன்னும் நூத்திச்சொச்சம் பேரு உள்ள இருக்காகளே.”

“அது தேவையில்லையே. அறுபது மார்க்கு...”

“ரெண்டு வருசமா இந்த மெஷின் ஊரு ஊராப் போயி தெனமும் அவுக பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஒரு எட்டு வைப்பாக, கூப்பிடும், திரும்புவாக. மறுபடி ஒரு எட்டு, மறுபடி கூப்பிடும். சூப்பு குடிக்கவன் கூப்பிடுதான். பச்சை குத்துனவன் கூப்பிடுதான். எங்க அண்ணன் நாப்பத்துநாலு வருசம் நடந்த ஆளு பிள்ளே. இப்ப படகுத்துறையிலயே நிக்கான். பாதிப் பேரை அனுப்பிட்டு, மார்க்கு வந்துட்டு, மீதிப் பேரு நில்லுங்கன்னு சொல்லவா?”

எவர்டங்கின் விளம்பர வாசகம் ‘எந்தச் சொல்லும் இனி சாகாது’ என்பது. அதை ஒரு மிரட்டலாகவும் படிக்கலாம் என்று செண்பகவல்லிக்கு அதுவரை தோன்றியதில்லை.

பதினோராம் நாளில் கடைசிச் சொல்லும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அகராதி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. உலகம் முழுக்க நாற்பதாயிரம் கைபேசிகளிலிருந்து இருநூற்றாறு பேரும் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். பின்லாந்துக் குழு மட்டும், தாங்கள் படித்த பாதிச் சொற்கள் திடீரென்று செல்லாது என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு புகார் அனுப்பிற்று. அவர்களுக்கு செண்பகவல்லி மிகுந்த மனநிறைவோடு ‘மதிப்பெண் இறுதியானது’ என்று பதில் போட்டாள்.

மறுதேர்வில் எர்மெலிந்தா முந்நூற்றுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வாங்கினாள். ‘வாழ்த்துகள்! உங்கள் முன்னேற்றம் வியக்கத்தக்கது. எங்கள் வகுப்பில் சேர்ந்ததற்கு நன்றி’ என்றது இயந்திரம். சான்றிதழ் அன்றே அமைச்சகத்துக்குப் போயிற்று. மணல்காரன் தன் இயந்திரங்களைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வேறு ஆற்றுக்குப் போனான். அவனுக்கு ஆறா கிடைக்காது?

எல்லாம் சுபம். ஆனால் ஃபெலிக்ஸுக்குத் தூக்கம் வரவில்லை.

“மேடம், தொண்ணூத்தொன்பது புள்ளி ஆறு ஆறு. ஒரே ஒரு கேள்வி. அதையும் முடிச்சா நூறு. உலகத்துலயே முதல் முறையா மனுஷங்க ஒருத்தர் நம்ம டெஸ்ட்ல நூறு. யோசிச்சுப் பாருங்க, பேனர்ல எப்படி இருக்கும்! ஒரு வார்த்தைதானே, கேட்டு வாங்கிடுங்க.”

செண்பகவல்லி விடைத்தாளைத் திறந்தாள். முதல் தேர்வில் பதில் எழுதாமல் விட்ட அதே கேள்வி. மறுதேர்விலும் வெற்றாகவே இருந்தது. படம்: ஆற்றின் மேல் சன்னமாக விழும் தூறல்.

மாலை ஆறு மணிக்கு அழைத்தாள். எர்மெலிந்தா படகில்தான் இருந்தாள். மோட்டார் ஓடவில்லை. படகு நீரோட்டத்தில் தானாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“பாஸ் பண்ணிட்டேன் பாத்தியா? ஊருல எல்லாவனும் வந்து கும்பிட்டுட்டுப் போறான். மீனு வந்து குமிஞ்சு கெடக்கு.”

“பாத்தேன் அக்கா. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போயிருக்கு. தூறல். ஒரு தடவை மோட்டாரை விட்டுச் சொல்லிட்டீங்கன்னா...”

“அது விட்டுப்போகல.”

எர்மெலிந்தா படகுக்கு வெளியே கையை நீட்டி ஆற்று நீரைத் தொட்டாள்.

“அதுக்கு நான் புதுச்சொல் வைக்கல. மூணாம் நாளு எல்லாரும் சுத்தி உக்காந்து இருந்தாக, நான் சொல்லுவேன்னு. வாய் வரல. அன்னையிலிருந்து தூறல் போட்டா நான் ஒண்ணும் சொல்லுததில்ல. மழைன்னும் சொல்ல மாட்டேன். சும்மா நனைவேன்.”

“யாரு அக்கா?”

“எம் மவ. ஆறு வயசு.”

திரையில் ஆற்று நீர் வெளிச்சத்தைச் சிதறடித்தது. எர்மெலிந்தா துடுப்பை எடுத்து ஒருமுறை தள்ளினாள்.

“அந்த மெஷினு காலையில எல்லாருக்கும் மழையா வெயிலான்னு சொல்லும்னியே. தூறல் போட்டா அந்தச் சொல்லையா சொல்லும்?”

“ஆமா.”

“உலகத்துல எங்கயாவது தெனமும் தூறல் போடும்லா?”

“போடும் அக்கா. எங்கயாவது ஒரு இடத்துல போட்டுக்கிட்டேதான் இருக்கும்.”

எர்மெலிந்தா தலையாட்டினாள். இயந்திரம் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்ட மெக்கானிக்கின் தலையாட்டல்.

“சின்னப்பிள்ளை. ரெண்டு வருசமா நாலு எட்டு வச்சிருக்க மாட்டா” என்றாள். “எல்லாரையும் அனுப்பிட்டேன் பிள்ளே. இவ மட்டும் இங்கன இருக்கட்டும்.”

படகு கரையோரமாக ஒதுங்கியது. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியைப் பலகைமேல் வைத்துவிட்டுக் கயிற்றைக் கட்டப் போனாள். வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது திரை.

ஃபெலிக்ஸ் பின்னால் வந்து நின்றான். “என்ன மேடம், கெடச்சுதா?”

“இல்ல.”

“அப்ப ரீசன்ல ஏதாவது போடணுமே. காலியா விட்டா கோப்பு குளோஸ் ஆகாது.”

செண்பகவல்லி விசைப்பலகையை இழுத்து, காரணம் என்ற கட்டத்தில், இத்தனை வருஷ வேலையில் முதல் முறையாக முன்பே எழுதிவைத்த வாக்கியம் எதையும் தொடாமல், தானே எழுதினாள்:

‘தேர்வர் பக்கப் பிழை. திருத்த வேண்டாம்.’